பையில்லாத மெஷினும் சொர்ணத்தின் சுளகும்

ஃபில்டரை எப்படிக் கழுவுவது, எங்கே காயவைப்பது என்றெல்லாம் சொல்லித்தர நான் வரவில்லை. அதெல்லாம் உங்கள் பயிற்சியில் ஆகிவிட்டது. ஆகாவிட்டால் அது உங்கள் பாடு. என்னைக் கூப்பிட்டவர்கள், புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். உற்சாகத்துக்கு என்னைக் கூப்பிட்டது அவர்கள் தப்பு. எனக்குத் தெரிந்ததைத்தான் நான் சொல்ல முடியும்.

வாக்குவம் கிளீனர் வேலையில் என் ஆயுசில் பாதி போயிற்று. முதலில் வீடு வீடாகப் போய், மெத்தையில் உப்பைக் கொட்டி உறிஞ்சிக் காட்டி விற்கிற வேலை. விற்க எனக்கு வாய் போதவில்லை. இருந்த வாயும் சண்டைக்குத்தான் உதவியது. திருநெல்வேலி ஜங்ஷனில் இருந்த எங்கள் கடையில், இவளைச் சர்வீஸ் பக்கம் போடு என்று போட்டுவிட்டார்கள். அது எனக்குப் பொருந்திப் போயிற்று. பொம்பளை என்பதால் அடுப்படி வரைக்கும் விடுவார்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். குப்பையைப் பார்த்தே எந்த வீடு என்று சொல்லிவிடுவேன். பாளையங்கோட்டை வாத்தியார் வீடுகளில் சாக்பீஸ் தூள் இருக்கும். ஆற்றங்கரை அக்ரஹாரங்களில் திருநீறும் கோலமாவும். உவரிப் பக்கம் போனால் கடற்கரை மணல் மோட்டாரையே தின்றிருக்கும்.

இவை எதுவும் நம்மைக் கஷ்டப்படுத்தாது. மெஷினுக்கு என்ன கேடு என்று கேட்கிற வரைக்கும் நமக்குப் பிரச்சினையே இல்லை. கேட்பவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பை இல்லாத மெஷினை நம்ம ஊரில் யாரும் பார்த்ததில்லை. நாங்கள் விற்றது எல்லாம் உள்ளே துணிப்பை வைத்தது. ஒருநாள் மத்தியானம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் சொர்ணம். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் மகளைக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். மகள் இசக்கி, ஐந்தாம் வகுப்பு. கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, படியேறி வந்த களைப்பில் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் துபாய் மெஷின் ஒன்று இருக்கிறது, இழுக்க மாட்டேன் என்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று சொர்ணம் கேட்டாள். முக்கூடலுக்குப் பக்கத்தில் ஊர். மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்டேன். பிள்ளையையே தூக்கிக்கொண்டுதான் வந்தேன் என்றாள். ஊர் விவரத்தை எழுதிக்கொண்டேன்.

போனேன். ஓட்டு வீடு. ஒரே பெரிய அறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் புறவாசல். அந்தத் தெருவில் பீடி சுற்றாத வீடு கிடையாது. இலை ஊறுகிற வாசனையும் புகையிலைத் தூளின் நெடியும் தெரு முனையிலேயே மூக்கில் ஏறும். சொர்ணமும் பீடி சுற்றுகிறவள். புருஷன் சுடலைமுத்து துபாயில் ஒரு பெரிய கட்டடத்தில் துப்புரவு வேலை. பகல் முழுக்க அவன் கையில் இந்த மாதிரி மெஷின்தான். மகளுக்கு இழுப்பு, தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னதை மனைவி போனில் சொன்னதும், அடுத்த லீவில் வரும்போது துணிமணி எதுவும் வாங்காமல் இந்த ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வந்தவன் போவதற்குள் மனைவிக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

நல்ல மெஷின். தூசி சேர்கிற டப்பா கண்ணாடி மாதிரி இருந்தது, உள்ளே சுழல்வது அப்படியே தெரியும். சொர்ணத்துக்கு அதன் மேல் அவ்வளவு பெருமை. ஒரு பூ ஸ்டிக்கர்கூட ஒட்டி வைத்திருந்தாள். நான் கழற்றிப் பார்த்தேன். டப்பா பளிச்சென்று இருந்தது. கழுவித் துடைத்து வைத்த டம்ளர் மாதிரி. உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த ஃபில்டர் மட்டும் காப்பித்தூள் நிறத்தில் இறுகிக் கிடந்தது. அதனால்தான் இழுக்கவில்லை. அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. டப்பா இவ்வளவு சுத்தமாக இருப்பதுதான் எனக்கு உறுத்தியது.

எப்போதும் நான் ஒன்று செய்வேன், நீங்களும் செய்யுங்கள். "எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க" என்று கேட்டால் எல்லாரும் புத்தகத்தில் உள்ளதைத்தான் சொல்வார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். சொர்ணத்திடம், முந்தின நாள் குப்பை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, நீங்கள் வருவீர்கள் என்று ஒரு தூக்குவாளியில் கொட்டி வைத்தேன் என்றாள். சரி, அதை டப்பாவில் திரும்பப் போட்டு, தினமும் செய்கிற மாதிரியே செய் என்றேன்.

அவள் சுவரில் மாட்டியிருந்த சுளகை எடுத்தாள். அறை நடுவில், இசக்கி படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். டப்பாவைச் சுளகில் கவிழ்த்துத் தட்டினாள். பிறகு அரிசி புடைப்பது போலப் புடைக்க ஆரம்பித்தாள். முடியும் நூலும் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம், புகையிலைத் தூள் ஒரு பக்கம் என்று பிரிந்து வந்தது. என்ன கைவேகம் என்கிறீர்கள்! பீடிக் கம்பெனி ஏஜென்ட் புகையிலைத் தூளை எடைபோட்டுத்தான் கொடுப்பார். அதற்கு இத்தனை கட்டு பீடி என்று வரவேண்டும். சிந்தினது சுற்றுகிறவள் தலையில்தான். அதனால் அந்தத் தெருவில் சிந்திய தூளை யாரும் விடமாட்டார்கள். முன்பெல்லாம் துடைப்பத்தால் கூட்டி அள்ளியதை இப்போது மெஷினால் அள்ளுகிறாள், அவ்வளவுதான்.

"பை வச்ச மெஷின்னா அத்தனையும் பைக்குள்ள போயிருமாம்லாக்கா. இது எடுத்ததைத் திருப்பிக் குடுத்துருது" என்றாள் சொர்ணம்.

இது தினமும் காலையில் நடக்கிறது. ஏன் காலையில் என்றால், விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே தள்ளக் கூடாது. மெஷின் துடைப்பம் இல்லையே, அதனால் விளக்கு வைத்த பிறகும் ஓட்டலாம் என்று அவளாகவே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். கொட்டுவதை மட்டும் மாற்ற முடியவில்லை. டப்பா நிறைந்தபடி கிடக்கும். விடிந்ததும், பிள்ளை பாயைவிட்டு எழுவதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து புடைப்பாள். முடித்ததும் ஃபில்டரை நிலைப்படியில் நாலு தட்டு. அதையும் எனக்குத் தட்டிக் காட்டினாள்.

கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். அதன் வழியாக விழுந்த வெயிலில் பார்த்தேன். தூசி எழுந்து, நின்று, பைய இசக்கி படுத்திருந்த பக்கம் போயிற்று. தரையில் கிடந்தால் கிடந்துவிட்டுப் போயிருக்கும். அதை மெஷின் பொடியிலும் பொடியாக ஒன்றுசேர்த்துக் கொடுக்க, இவள் சுளகில் போட்டு மகளின் மூக்குக்கு நேராக வீசிக்கொண்டிருந்தாள். மகளின் மூச்சுக்காக வாங்கிய மெஷின்.

சுளகைக் கீழே வை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இசக்கிக்கு இழுப்பு வந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைத்து, நெஞ்சுக்குழி உள்ளே போய், உதடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அழக்கூட அதற்கு மூச்சு இல்லை. தூக்கிக்கொண்டு புறவாசலுக்கு ஓடினேன். முருங்கை மரத்தடியில் உட்காரவைத்து முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். சொர்ணம் மாத்திரையும் வெந்நீரும் கொண்டுவந்தாள். அவள் கையெல்லாம் புகையிலை. கையைக் கழுவு என்று கத்தினேன். கழுவினாள். அந்தச் சின்ன முதுகு என் கைக்கு அடியில் ஏறி இறங்கியது இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது. எவ்வளவு நேரமோ, கடைசியில் மூச்சு இறங்கி, பிள்ளை என் மடியிலேயே தூங்கிப் போயிற்று.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டிலிருந்து பொன்னுத்தாய் வந்து நின்றாள். சுடலைமுத்துவின் அக்காள், சொர்ணத்துக்கு மைனி. தம்பி இல்லாத வீட்டுக்குத் தான்தான் பொறுப்பு என்று நினைக்கிறவள். பிள்ளை பிழைத்ததைப் பார்த்ததும் அவள் கண் என் மேல் திரும்பியது.

"இந்தா பாரு மெஷின்காரம்மா, வெள்ளிக்கெழம என் தம்பி போன் போடுவான். மெஷின் வந்த பெறவுதான் பிள்ளைக்கு இப்பிடி முத்திப்போச்சு. தப்பு அவன் வாங்குன மெஷின்லயா, இல்ல இவ கையிலயா? ஒண்ணச் சொல்லிட்டுப் போ."

சொர்ணம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகளா, இந்த இடத்தில் என்ன சொல்வீர்கள்? நம் கம்பெனி சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: உபயோகித்தவர் தவறு, மெஷின் தவறு இல்லை. உண்மையும் அதுதான். ஆனால் நான் அதைச் சொன்னால் வெள்ளிக்கிழமை போனில் என்ன போகும்? உன் பொண்டாட்டி உன் பிள்ளையைப் புகையிலையில் புடைத்துக் கொல்லுகிறாள் என்று போகும். கடல் தாண்டி இருக்கிறவனுக்கு அதைக் கேட்டுவிட்டு என்ன செய்ய முடியும்? பொன்னுத்தாய் பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். அவள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? அங்கேயும் ஒரு சுளகு சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. மதிலுக்கு மேலாகவே தெரிந்தது.

ஃபில்டர் நிலைப்படியிலேயே கிடந்தது. பிள்ளையைச் சொர்ணத்திடம் கொடுத்துவிட்டுப் போய் எடுத்தேன். அதில் ஒரு கிழிசலும் இல்லை. அவர்கள் பார்க்காதபடி உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

"மெஷின்தான். ஃபில்டர் கிழிஞ்சிருக்கு. முன்னால இழுக்கிற தூசியெல்லாம் பின்னால வெளிய வருது. இனிமே இதை இங்க ஓட்டக்கூடாது" என்றேன்.

மெஷினைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்றும் சொன்னேன். மெஷின் இல்லாவிட்டால் டப்பா இல்லை, டப்பா இல்லாவிட்டால் புடைக்க அந்தப் பொடி இல்லை என்று கணக்குப் போட்டேன். பொன்னுத்தாய் உச்சுக்கொட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு ஏமாற்றம்தான்.

சொர்ணம் என்னை பஸ் ஏற்ற வந்தாள். ஆற்றுப் பக்கம் திரும்புகிற இடத்தில் நின்றாள்.

"யக்கா, நான் பொடச்சதுதானா?"

"மெஷின்தான்னு சொன்னேன்லா" என்றேன். அந்த மட்டோடு விடவில்லை. பிள்ளை இருக்கிற இடத்தில் இனி சுளகைத் தொடாதே, இலையும் தூளும் புறவாசலோடு நிற்கட்டும், வீட்டை ஈரத்துணியால் துடை, பாயை வெயிலில் போடு என்று பஸ் வருகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். சொன்னபடி செய்யவும் செய்தாள். முக்கூடல் பக்கம் வேறு வேலைக்குப் போனபோது நானே போய்ப் பார்த்தேன். அவள் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். இசக்கி பள்ளிக்கூடம் போயிருந்தது. அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மெஷின் எங்கள் கடையில் என் வேலைப் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. ஃபில்டரைக் கழுவி நிழலில் காயவைத்து மாட்டியதும் புதுசு மாதிரி இழுத்தது. முதலாளி, சரியாகிவிட்டதே, திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே என்று சத்தம் போட்டார். வெளிநாட்டு மெஷின், சாமான் கிடைக்கவில்லை என்று சாதித்துவிட்டேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. முருங்கை மரத்தடியில் யார் உட்கார முடியும்? இலையும் தூளும் மறுபடி வீட்டுக்குள் வந்திருக்கும். இசக்கிக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஏற்கெனவே நைந்து போன நெஞ்சு. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. எனக்குச் சேதி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை.

காரியமெல்லாம் கழிந்த பிறகு ஒருநாள் கடைக்கு ஒருவர் வந்தார். மொட்டை அடித்த தலையில் முடி அரும்பியிருந்தது. சுடலைமுத்து என்றார். மகள் முகத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. லீவு கிடைத்து வந்து சேர்வதற்குள் அடக்கம் ஆகிவிட்டது. வேறெதுவும் பேசாமல், அந்த மெஷினைப் பார்க்க வேண்டும் என்றார்.

எடுத்துப் பெஞ்சில் வைத்தேன். நான் கழற்ற வேண்டியிருக்கவில்லை. துபாயில் தினமும் இதைத்தானே செய்கிறார். அவர் விரல் பட்டதும் டப்பா தனியாக வந்தது, மூடி தனியாக வந்தது. ஃபில்டரை உருவி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெஞ்சுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். வாசல் பக்கம் அவர் நின்றார். ஓட முடிந்திருந்தால் ஓடியிருப்பேன்.

"இதுல கிழிசலே இல்லையேக்கா" என்றார்.

அவர் மூடியின் ரப்பர் வளையத்தைக் கிளப்பினார். நான் கழுவியும் அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் பழுப்பாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

"பொடச்சாளா?"

"அங்கன எல்லா வீட்லயும் பொடைக்கத்தான செய்யுதாவ" என்றேன்.

ரப்பர் வளையத்தைத் திரும்ப அதன் பள்ளத்தில் அழுத்தி வைத்தார். சொர்ணத்துக்குத் தெரியுமா என்று கேட்டார். அவளே கேட்டாள், மெஷின்தான் என்று சொல்லிவிட்டேன் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு என் பெஞ்சில் கிடந்த திருப்புளியை எடுத்தார். ஃபில்டரின் மடிப்புக்குள் விட்டு ஒரே இழுப்பாக இழுத்தார். டர்ரென்று கிழிந்தது.

"நீங்க சொன்னது சரிதாம்க்கா. கிழிஞ்சுதான் இருக்கு" என்றார். குரல் ஏற்ற இறக்கமே இல்லாமல் இருந்தது. "ராத்திரியில எந்திச்சு எந்திச்சு, நானா, நானான்னு கேக்கா. வாயால சொன்னா நம்ப மாட்டேங்கா. இதைக் கண்ணால பாத்தான்னா ஒறங்குவா. வாங்கிட்டு வந்தது நாந்தான. பழி எங்கூடயே இருக்கட்டும்."

மெஷினை ஒரு சாக்குப்பையில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். பெஞ்சில் ஃபில்டரின் நூல் கொஞ்சம் விழுந்து கிடந்தது.

அவர் துபாய்க்குத் திரும்பிப் போன பிறகு சொர்ணம் கடைக்கு வந்தாள். கையில் ஒன்றுமில்லை. ஜங்ஷனுக்கு ஒரு சோலியாக வந்தேன், உங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது என்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். காப்பி வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"அவுக ஃபில்டரக் கொண்டாந்து காட்டுனாவக்கா. இந்தா பாரு, கிழிசல் இதுதான்னு காட்டுனாவ. நானும் பாத்தேன். கிழிஞ்ச ஓரம் வெள்ளவெளேர்னு இருந்துச்சு. அது வழியாத் தூள் போயிருந்தா ஓரம் கறுத்துல்லா இருக்கும். நேத்துக் கிழிச்ச கிழிசல்க்கா அது."

காலி டம்ளரை வாங்கக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்னு அவுககிட்ட சொல்லிராதிய. நான் ஒறங்கணும்னுதான கிழிச்சுக் கொண்டாந்தாவ. அவுக பிளேன் ஏறுற வரைக்கும் தெனமும் ஒறங்குற மாதிரியே கண்ண மூடிக் கெடந்தேன்."

டம்ளரை வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். வாசல் பெஞ்சைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். இசக்கி உட்கார்ந்திருந்த பெஞ்சு அது.

அன்றைக்கு முருங்கை மரத்தடியில் நான் சொன்னது சரியா தப்பா என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு உங்களிடமும் ஒரு வீட்டில், தப்பு யார் மேல் என்று கேட்பார்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் யாராவது ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு வாழ வேண்டியிருக்கும். வாயைத் திறப்பதற்கு முன்னால் அங்கே நிற்கிறவர்களின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை.

கேள்வி இருந்தால் கேளுங்கள். மெஷினைப் பற்றி மட்டும் கேளுங்கள்.